நேவல் பேஸ்காரர்கள் பற்றி ஒரு கூட்டம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது பெரிய சந்தோஷம். எனக்கு முட்டிவலி தேவலை, மார்க்கெட் வரை நடக்கிறேன். சரி, அதை விடு. உனக்குச் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது.

போன சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் நூலகத்தில் ஒரு கூட்டம். செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர், மலையாளிகள் பற்றிப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பேசினார். சின்னப் பெண்தான், ஆனால் தமிழிலேயே பேசினார். 1938இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிட்ட கப்பல்துறை அங்கே திறக்கப்பட்டதும், படைகளை விலக்கப்போவதாகப் பிரிட்டன் 1968இல் அறிவித்து 1971இல் கிளம்பியதும் நமக்குத் தெரிந்த கதை. அவர் ஆராய்வது அந்த மூன்று வருஷங்களை. வேலை முடிந்து கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு இந்தியாவுக்கு, ஊருக்குப் போவதா, குடியுரிமை எடுத்து இங்கேயே தங்குவதா என்று குடும்பங்கள் எப்படி முடிவெடுத்தன என்று தேடுகிறார். உன் வீட்டில் ராத்திரி ராத்திரியாக நடந்த பேச்சு அதுதானே! இதையெல்லாம் ஒருவர் ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்வார் என்று நான் நினைத்ததே இல்லை.

பேச்சை விட அப்புறம் நடந்ததுதான் விசேஷம். திரையில் தளத்தின் பழைய வரைபடம் ஒன்றைக் காட்டினார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "அது கேன்டீன் இல்லம்மா, ரேஷன் கடை" என்றார். ஆய்வாளர் உடனே குறித்துக்கொண்டு, அங்கே என்னென்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். கேன்பரா ரோட்டில் மரத்தடியில் இருந்த பாலசுப்பிரமணியர் கோயில் பேச்சு வந்தது. இப்போது ஈசூனில் இருக்கிறதே, அதுதான். பங்குனி உத்திரத்துக்கு யார் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று ஒரு பெரியவர் வரிசையாகச் சொன்னார். அரசாங்க ஆவணத்தில் ஒருவருடைய பெயரும் சம்பளமும் இருக்கும். மாதக் கடைசியில் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு அரிசி போனது என்பது இருக்காது.

இதைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நம்மவர்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், சந்தா கட்டிப் படிக்கும் சஞ்சிகைகளில்தான் வருகின்றன. பேட்டி கொடுத்த கிழவர் கண்ணில் அது படுவதே இல்லை. தேசிய ஆவணக் காப்பகம் 1979இலிருந்து வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறது. பழைய தமிழ் முரசு இதழ்களை நூலக வாரியம் மின்மயமாக்கி வைத்திருக்கிறது. சேர்த்து வைப்பதில் குறையில்லை. அதை வைத்து எழுதியதைச் சம்பந்தப்பட்டவர்கள் முன்னால் கொண்டுவந்து, "சரிதானா?" என்று கேட்பதுதான் அபூர்வம். வேறொரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டே கேள்வி, உடனே குழுப்படம். இன்னொன்று, தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலில் எல்லா நிகழ்ச்சிகளும் வந்து முட்டிக்கொள்கின்றன. மற்ற மாதங்களிலும், நம் பேட்டை சமூக மன்றங்களிலும் நடத்தினால் நடக்க முடியாதவர்களும் வருவார்கள்.

இப்போது உன் விஷயம். ஊருக்குத் திரும்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது அரங்கில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்கிய பிறகு முதல் வருஷம் எப்படிப் போனது? அப்பாவுக்கு வேலை கிடைத்ததா, நிலம் வாங்கினாரா? உன் அம்மாவிடம் கேட்டுப் போனில் பதிவு செய். அவர் தெளிவாக இருக்கும்போதே செய்துவிடு. அப்பாவின் வேலை அட்டை, போட்டோக்கள் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் எடு.

ஆய்வாளரிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ சரி என்றால்தான் நம்பர் கொடுப்பேன். அடுத்த கூட்டத்துக்கு முன் பதில் எழுது.

உன் அன்பு நண்பன்