டிசம்பரில் வருவீர்களா?

அன்பு மகள் பாப்பாவுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. அத்தை வீட்டு விஷயம்தான் போனில் சொல்லிவிட்டேனே, அதை விடு.

பிள்ளைக்குச் சளி விட்டதா? தலைக்கு ஊற்றினால் உச்சியை நன்றாகத் துவட்டு. போன ஞாயிறு வீடியோவில் கழுத்தில் சங்கிலியைக் காணோம். ஆயாவின் வளையலை அழித்துச் செய்த அரைச் சவரன், சின்னச் சிலுவை கோத்தது. கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் நீ பால் காய்ச்சப் போய்விட்டாய். பிடித்து இழுக்கிறான் என்று கழற்றியிருப்பாய். சரி.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்போது என்று கேட்டால், "காலம் மாறிப்போச்சும்மா" என்கிறாய். எப்போதுதான் மாறாமல் இருந்தது? நம் புதுச்சேரி சம்பா கோயிலையே பாரேன். 1761-ல் இங்கிலீஷ்காரன் ஊரை இடித்தபோது அதுவும் போனது. இப்போது நிற்பது 1791-ல் எழுந்தது. ஆயா காலத்தில் சாமியார் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் பூசை வைப்பார். ஆயாவுக்கு ஒன்றும் புரியாது, தன் பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். 1960-களில் ரோமில் ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் சாமியார் நம் பக்கம் திரும்பித் தமிழில் ஆரம்பித்ததும், "இதெல்லாம் ஒரு பூசையா" என்று முணுமுணுத்தாள். ஆனால் ஒரு ஞாயிறு விட்டதில்லை.

காலேஜ் படிக்கும்போது, கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்தவர்கள்தானே என்று என்னோடு சண்டை போட்டாய். பார்த்தார்கள்தான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? அந்தக் காலத்தில் இங்கே பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1745-ல் எழுதியிருப்பதை அப்பா எடுத்துக் காட்டினார். தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து உட்கார வைக்க அந்தப் பழைய கோயிலுக்குள் ஒரு சுவரே இருந்திருக்கிறது. அவர்கள் பெரிய சாமியாரிடமே போய் நியாயம் கேட்டு அதை இடிக்க வைத்தார்கள். இந்தக் கோயிலும் வேண்டாம், இந்த வேதமும் வேண்டாம் என்று போயிருக்கலாம். போகவில்லையே. யார் செய்த அநியாயத்துக்காகவும் அவர்கள் ஆண்டவரை விட்டுக் கொடுக்கவில்லை. சாதி இன்னும் முழுசாக ஒழியவில்லை என்பாய். தெரியும். அதையும் உள்ளே இருந்துதான் கேட்க வேண்டும்.

பிரான்சில் ஞானஸ்நானமெல்லாம் யாரும் பார்ப்பதில்லை என்று சொன்னாயே. 2025 ஈஸ்டருக்கு அங்கே 10,000-க்கும் மேற்பட்ட பெரியவர்கள் ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறார்கள், அதில் வயசுப் பிள்ளைகள் நிறைய. "இது உன் மகளுக்குத்தானே சாதகம்? அவனும் வளர்ந்து வாங்கிக்கொள்ளட்டும் என்பாள்" என்று அப்பா சிரிக்கிறார். அவருக்கு எல்லாமே வேடிக்கை. பிள்ளையிடம் தமிழில்தானே கொஞ்சுகிறாய், அவனைக் கேட்டுக்கொண்டா? மாப்பிள்ளைக்கு நம்பிக்கை இல்லை, அதை நான் குறை சொல்லவில்லை. தங்கமான மனுஷன். உனக்கு இருந்ததே, அதைத்தான் கேட்கிறேன். வில்லியனூர் மாதா தேரை வெறுங்காலோடு சுற்றி வந்த பெண் நீ.

கோயிலில் மரியாயின் சேனைச் செபக் கூட்டத்தில் உன் வேலையைப் பற்றி நான் பெருமை பேசாத வாரம் இல்லை. அங்கே கோயிலுக்குப் போகிறாளா என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுகிறேன். எத்தனை நாளைக்கு மாற்றுவது?

இரவில் ஒரு அருள்நிறை மந்திரமாவது சொல்லிப் பிள்ளையைத் தூங்க வை. உச்சியைத் துவட்ட மறக்காதே.

டிசம்பரில் வருவீர்களா என்று அப்பா தினமும் டிக்கெட் விலை பார்க்கிறார். சாமியாரிடம் நான் ஒன்றும் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு தோதுப்படுமா என்று மட்டும் கேட்டேன். ஞானத்தாயாக நிற்க உன் சின்னம்மா தயார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல் வேண்டுமாம். மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு வாட்ஸாப்பில் அனுப்பு.

அம்மா