பூசணிக்குக் காலை, பீர்க்கனுக்கு மாலை

யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள முத்து,

கடிதம் கிடைத்தது. பேரன் தேசிய சேவைக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த நேரம் பார்த்துப் பூங்காவில் தோட்டத்துண்டு கிடைத்தது நல்லதாகப் போயிற்று. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அதற்குள் பூசணி, பீர்க்கன், கத்திரி, தக்காளி நான்கையும் திணித்திருக்கிறாயே, ஆசைக்கு அளவில்லையா?

பூ கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை, இன்னும் உரம் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடாதே. தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் கொடி இலையாகவும் ஆண்பூவாகவும் தள்ளிக்கொண்டே போகும். கொடியில் ஆண்பூதான் முதலில் வரும், ஒன்றிரண்டு வாரம் கழித்தே பெண்பூ தலைகாட்டும். பூவுக்கு அடியில் பார். வெறும் மெல்லிய காம்பு என்றால் ஆண். விரல் நுனியளவு குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருந்தால் பெண். ஆண்பூ விழுவது இயல்பு, அதற்குக் கவலைப்பட வேண்டாம். குட்டிக் காயோடு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால்தான் மகரந்தம் சேரவில்லை என்று பொருள்.

அந்தக் குட்டிக் காய்க்குள் விதையாக மாறக்கூடிய நூற்றுக்கணக்கான சூல்கள் இருக்கின்றன. பெண்பூவின் நடுவே தண்டின் உச்சியிலுள்ள சூலகமுடியில் ஒட்டும் ஒவ்வொரு மகரந்தத்துகளும் ஈரத்தை உறிஞ்சி ஒரு குழலை விடும். அது அந்தத் தண்டு வழியே இறங்கி ஒரு சூலைத் தொட்டால் ஒரு விதை. குழல் வழியாகப் போவது இரண்டு ஆணணுக்கள். ஒன்று முட்டையோடு சேர்ந்து கருவாகும், மற்றொன்று கருவுக்கான உணவுத்திசுவை உண்டாக்கும். தேங்காயின் இளநீரும் பருப்பும் அந்த இரண்டாவது சேர்க்கையின் பலன்தான். சதை வளரச் சொல்லும் ஊக்கி வளரும் விதைகளிலிருந்து சுரக்கிறது. அதனால் விதை பிடிக்காத பக்கம் சதையும் வைக்காது. பாகற்காய் ஒரு முனையில் பருத்து மறுமுனையில் சூம்பியிருந்தால் பூச்சி கடித்தது என்று மருந்தடிப்பார்கள். பெரும்பாலும் காரணம் மகரந்தம் பற்றாதது.

இனி நேரம். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். பூசணி, பாகல், வெள்ளரி எல்லாம் விடியலில் விரியும். பூசணிப்பூ முற்பகலுக்குள் வாடிவிடும், ஒரே நாள்தான் அதன் ஆயுள். இங்கே ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது, ஆகவே ஒன்பதுக்குள் வேலையை முடித்துவிடு. பீர்க்கன் வேறு. சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு மேல்தான் அது விரியும். சுரையும் புடலும் அதே சாதி. அவை இரண்டுக்கும் வெள்ளைப் பூ, இருட்டில் வாசம், வாடிக்கையாளர் அந்துப்பூச்சி. காலையில் தூரிகையோடு போய்ப் பீர்க்கன் பூவைத் தடவினால் ஒன்றும் நடக்காது. அன்று மாலை மழை பெய்தாலும் வம்பு, ஏனென்றால் நனைந்த மகரந்தத்துகள் வெடித்துவிடும். மழை மேகம் கண்டால் சேர்த்த பூவின்மேல் ஒரு காகிதக் குவளையைக் கவிழ்த்து வை.

கையால் சேர்ப்பது எளிது. அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து இதழைக் கிழித்தெறி. நடுத்தண்டில் மஞ்சள் பொடி விரலில் ஒட்டுகிறதா என்று பார். அதைப் பெண்பூவின் சூலகமுடியில், மூன்று மடலிலும் விடாமல் தேய். ஒரு மடலை விட்டால் அந்தப் பக்கம் கோணும். ஒரு பெண்பூவுக்கு இரண்டு மூன்று ஆண்பூ செலவழி, கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று நான்கு நாளில் குட்டிக் காய் பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது. அதன்பிறகும் சில உதிர்ந்தால், கொடி தாங்க முடியாததைக் கழிக்கிறது என்று விட்டுவிடு.

கத்திரிக்கும் தக்காளிக்கும் கதையே வேறு. ஆண், பெண் இரண்டும் ஒரே பூவில். ஆனால் மகரந்தம் வெளியே வர நுனியில் சிறு வழிதான் உண்டு, குலுக்கினால்தான் கொட்டும். சாதாரணத் தேனீயால் அது முடியாது. மரம் குடையும் பெரிய தேனீயான கருவண்டு பூவைக் கவ்வி, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைத்து உதிர்த்துக்கொள்ளும். காது கொடுத்தால் அந்த நேரத்தில் ரீங்காரத்தின் சுருதி ஏறுவது தெரியும். வண்டு வராத மாடியில் மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்பில் இரண்டு மூன்று நொடி வைத்தால் போதும். தக்காளிக்கு மட்டும் இன்னொரு தடை உண்டு. இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேல் போனால் பெரிய ரகங்களின் மகரந்தமே வலுவிழந்துவிடும். நமக்கோ பாதி நாள் இரவே 25, 26. சின்னத் தக்காளி வை, சண்டை போடாதே.

கருவண்டைக் கண்டு பக்கத்துத் தோட்டக்காரர் அலறுகிறார் என்றாயே, ஆணுக்குக் கொடுக்கே கிடையாது, பெண்ணும் கையால் பிடித்தாலொழிய கொட்டாது என்று சொல். அது கூடு குடைவது காய்ந்த மரத்தில். பழைய பந்தல்கால் ஒன்றை எறியாமல் மூலையில் நட்டு வை. துளசியைப் பூக்க விடு, கொடுக்கில்லாத சின்னக் கொசுத்தேனீ தானாக வரும். வேப்பெண்ணெய் அடிப்பதானால் தேனீ அடங்கிய பிறகு, விரிந்த பூவில் படாமல் அடி. டெங்கிக்குப் புகையடிக்கும்போது கொசுவோடு தேனீயும் சாகிறது. அந்த வாரம் கையால் சேர்ப்பதே வழி.

இந்தச் சின்னப் பூச்சிகளுக்கு இவ்வளவு பேச்சா என்று நீ கேட்பாய். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவைப் பார். 1981 வரை செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் ஆள் வைத்து மகரந்தத்தைத் தூவினார்கள். அந்த ஆண்டு கேமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், தூவும் வேலையே போயிற்று. டுரியானுக்கு வௌவால். மாலையில் விரியும் அந்தப் பூவைத் தேடிக் குகை வௌவால் இரவில் நெடுந்தூரம் பறந்துவரும். பழத்துக்கு அடித்துக்கொள்ளும் நாம் அந்தக் குகைகளைப் பற்றி நினைப்பதேயில்லை. உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் முக்கால் பங்கு ஏதோ ஓர் அளவில் பூச்சி, பறவை, விலங்குகளை நம்பியிருக்கிறது. நெல் அந்தக் கணக்கில் வராது, ஆகவே சோறு மிஞ்சும். பூசணியும் ஏலக்காயும் போய்விடும்.

வெள்ளரி வைப்பதானால் மகரந்தம் சேராமலே காய்க்கும் ஜப்பானிய ரகத்தைக் கேட்டு வாங்கு. ஆனால் அதைச் சாதாரண வெள்ளரிக்குப் பக்கத்தில் வைக்காதே. மகரந்தம் சேர்ந்துவிட்டால் விதை வைத்துக் காய் கோணிவிடும்.

இரண்டு வாரம் உரத்தை நிறுத்திவிட்டு, தினமும் எத்தனை ஆண்பூ, எத்தனை பெண்பூ என்று குறித்து அனுப்பு. அதைப் பார்த்துத்தான் சாம்பல்சத்து (பொட்டாசியம்) வேண்டுமா என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
கணேசன்