கிராங்க் கியரைத் தட்டிக் கழற்ற வேண்டாம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பம்ப்செட், பவர் டில்லர் வைத்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, வைகாசி பிறந்தால் நம் பட்டறை வாசலில் இன்ஜின்கள் வரிசை கட்டிவிடும். கடைமடைக்காரர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். வாய்க்கால் தண்ணீர் வந்து சேர்வதற்குள் போர்வெல்லை வைத்துத்தான் நாற்றங்காலே. அதனால் "ஒரு கியரைக் கழற்றி மாட்ட ஒரு நாளா?" என்று யாராவது முகத்தைச் சுளித்தால் எங்களுக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் அந்த ஒரு நாள் எதில் போகிறது என்று ஒருமுறை விளக்கமாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

கிராங்க் என்பது பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. அதன் முனையில் இருக்கும் சின்ன கியர் வெறும் கீயை (தண்டுக்கும் கியருக்கும் நடுவில் செருகும் சின்ன இரும்புத் துண்டு) நம்பி நிற்பதில்லை. தண்டின் பருமனைவிடக் கியரின் துளை ஒரு பொட்டு சின்னது. போன வாரம் அளந்த ஒரு கிராங்க்கில் தண்டு 40 மில்லிமீட்டர், துளை அதைவிட 0.03 குறைவு, அதாவது தலைமுடிப் பருமனில் பாதிகூட இல்லை. அந்த இறுக்கம்தான் கியரைப் பிடித்திருக்கிறது, கீ அதன் இடத்தைக் காட்டுவதற்கு. இதை உளியும் சம்மட்டியும் வைத்துத் தட்டினால் கியர் நகருவதற்கு முன்னால் பல் உடையும், இல்லாவிட்டால் தண்டு கீறும். பக்கத்தில் இருக்கும் பேரிங் வாங்கும் அடி கண்ணுக்குத் தெரியாது, பத்து நாள் கழித்துச் சத்தமாகத்தான் வெளியே வரும்.

கியரைக் கவ்வி இழுத்துக் கழற்றும் சாதாரண இரண்டு கால் புல்லரும் இங்கே அவ்வளவாக உதவாது. கியருக்குப் பின்னால் விரல்நகம் நுழையும் இடைவெளிதான் இருக்கும், புல்லரின் கால் பல்லைப் பிடித்து இழுத்தால் பல் போய்விடும். இரண்டு பாதியாகப் பிரிகிற, ஓரம் கத்தி மாதிரி சீவிய தட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் நுழைத்து இறுக்கி, அந்தத் தட்டைப் பிடித்துத்தான் கியரை இழுக்கிறோம். தண்டின் நுனியில் இருக்கும் சென்டர் குழியில் புல்லர் திருகு நேரடியாக உட்காராதபடி நடுவில் ஒரு பித்தளைத் துண்டு வைப்போம். அந்தக் குழி சிதைந்தால் அப்புறம் கிராங்க்கை லேத்திலோ கிரைண்டிங்கிலோ நேராகப் பிடிக்க முடியாது.

மாட்டும்போது அடியே கிடையாது, சூடுதான். இட்லிப் பானைக் கொதிநீரில் போட்டால் போதாதா என்று ஒரு பெரியவர் கேட்டார், நல்ல கேள்வி. இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் வாக்கில் விரியும். 30 டிகிரியிலிருந்து 100க்குப் போனால் 40 மில்லிமீட்டர் துளை 0.03க்குக் கொஞ்சம் மேலே விரியும். இறுக்கம் அப்போதுதான் தீரும், நுழைப்பதற்கு இடம் இருக்காது, பாதியில் மாட்டிக்கொள்ளும். 150 டிகிரி எண்ணெயில் வைத்தால் 0.057 கிடைக்கும், கியர் தானாக வழுக்கி உட்காரும். எண்ணெய்ச் சட்டியின் அடியில் கியர் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, நிதானமாகச் சூடேற்ற வேண்டும். நேரம் போவது இங்கேதான்.

கேஸ் டார்ச்சில் இரண்டே நிமிடத்தில் முடிக்கலாமே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். ஒரு பக்கம் நீலம் பாய்ந்துவிட்டது. நீலம் என்றால் 300 டிகிரி வாக்கில் போயிருக்கிறது என்று அர்த்தம், பல்லின் கடினம் இறங்கிவிடும். அந்தக் கியர் ஒரு சம்பா கூடத் தாங்கவில்லை, புதுசு எங்கள் செலவில் போட்டுக் கொடுத்தோம். இப்போது சந்தேகம் வந்தால் சோல்டரிங் ஈயக்கம்பியைக் கியரில் தொட்டுப் பார்ப்போம். அது 183 டிகிரி வாக்கில் உருகத் தொடங்கும், உருகினால் அளவுக்கு மீறிவிட்டது.

உட்கார்ந்த பிறகும் உடனே கையை எடுக்கக் கூடாது. ஆறும்போது கியர் சற்று வெளியே விலகப் பார்க்கும், அதனால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது. அதற்கு முன்னாலேயே டைமிங் மார்க் (கியர்களைச் சரியான பல்லில் சேர்ப்பதற்கான அடையாளக் குறி) வெளிப்பக்கம் பார்க்கிறதா என்று இரண்டு பேர் பார்ப்போம், ஏனென்றால் திருப்பிப் போட்டுவிட்டால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. 25 பல் கியரில் ஒரு பல் தள்ளினால் 14 டிகிரிக்கு மேல் தப்பு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் புகைதான்.

கனடாவில் இருக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவரின் மகன், அங்கே பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியின் கிராங்க்கைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, கியரை எப்படிக் கழற்றுவது என்று கேட்டிருந்தார். சூடு, புல்லர் எல்லாம் இதேதான், ஒரு வித்தியாசம் மட்டும் சொன்னேன். அது டூ ஸ்ட்ரோக், கிராங்க்கே துண்டு துண்டாக பிரஸ் செய்து சேர்த்தது. நம் ஊரில் தோளில் மாட்டி மருந்தடிக்கும் மெஷினிலும் அப்படித்தான். ஒரு முனையில் பிரஸ் வைத்து மறுமுனையில் தாங்கல் கொடுத்தால் கியருக்குப் பதில் கிராங்க்கே கோணிவிடும். கியருக்கு ஒட்டினாற்போல் இருக்கும் கிராங்க்கின் தட்டுக்குத்தான் தாங்கல். முடிந்ததும் வி பிளாக்கில் (தண்டு உட்காரும் வி வடிவத் தாங்கி) வைத்துச் சுற்றி, டயல் கேஜில் (முள் காட்டும் நுண்ணளவுக் கருவி) ஆட்டம் பார்க்க வேண்டும்.

தண்டில் தேய்மானம் இருந்து கியர் கையாலேயே நுழைந்தால், சிலர் பஞ்ச் அடித்துப் புள்ளி குத்தி மாட்டித் தருகிறார்கள். நாங்கள் அதைச் செய்வதில்லை. அறுவடை நடுவில் கழன்றால் திட்டு எங்களுக்குத்தான். தேய்ந்த இடத்தில் உலோகத்தால் மேடு வைத்து, அளவுக்கு அரைத்துக் கொடுப்போம், அதற்கு நாள் கூடும், கூலி அளந்த பிறகுதான் சொல்ல முடியும்.

அதனால் கியர் இருக்கிறபடியே கிராங்க்கைக் கொண்டு வாருங்கள், பழைய கீயையும் தூக்கிப் போட வேண்டாம். வண்டியில் உருளாமல் சாக்கில் சுற்றி, காலை பத்து மணிக்குள் வந்தால் மறுநாள் சாயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் பட்டறை கிடையாது.