கிணற்றுக்குத் திரும்பிய மழை

திருவான்மியூர்,
புரட்டாசி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் அனைவரும் நலம். இங்கே தண்ணீர் எப்படியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். அதற்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது எங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்தினோம். கடலோரத்தில் செய்யக்கூடாத காரியம் அது. இங்கே மணலுக்குள் நல்ல நீர், கனமான உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல நீரின் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீர் கணக்குப்படி ஏறத்தாழ 40 அடி மேலேறும். சில மாதங்களிலேயே பருப்பு வேகாமல் போயிற்று. குழாய் வாயில் வெள்ளையாக உப்பு பூத்தது.

பிறகுதான் பின்கட்டில் பலகை போட்டு மூடிவைத்திருந்த பழைய உறைகிணற்றின் நினைவு வந்தது. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கென்று மொட்டைமாடிக் குழாயை ஒரு குழிக்குள் இறக்கிவிட்டுக் கைகழுவியிருந்தோம். அந்தக் குழியைத் தோண்டினால் ஜல்லி ஒரு கூடைகூட இல்லை. சேறும் ஒரு பழைய செருப்பும்தான் கிடைத்தன. இம்முறை கிணற்றைத் தூர்வாரி, கூழாங்கல்லும் ஜல்லியும் மணலும் அடுக்கிய தொட்டி வழியாக மாடித் தண்ணீரைக் கிணற்றிலேயே விட்டோம். மாடி ஏறத்தாழ ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை என்றால் அதன்மேல் விழுவது மூன்று லட்சம் லிட்டருக்கும் அதிகம். வீணாவது கால்பங்கு என்று கழித்தாலும், 12,000 லிட்டர் லாரிகள் பத்தொன்பது நம் வாசலுக்கு வந்ததற்குச் சமம்.

தெருவில் ஓடும் வெள்ளத்தையும் கிணற்றில் திருப்பலாம் என்றார்கள் சிலர். நான் ஒப்பவில்லை. அது பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போவது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் வண்டி எண்ணெயும் சாக்கடையும் கலந்த நீரை ஒருமுறை மணலுக்குள் விட்டுவிட்டால் பிறகு எப்படி வெளியே எடுப்பது?

சென்ற தை மாதம் எட்டிப் பார்த்தபோது, மேலிருந்து ஐந்தாவது உறை வரை தண்ணீர் நின்றது. குடிக்க மெட்ரோ தண்ணீர்தான். துவைக்கவும் தோட்டத்துக்கும் கிணறு போதுமாயிருக்கிறது. பருப்பும் வேகிறது.

காரைக்குடியில் உங்கள் வீட்டு முற்றத்தில் அண்டா வைத்து மழை பிடிப்பீர்களே, அந்த அக்கறை இங்கே எல்லாருக்கும் வந்துவிடவில்லை. முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே தள்ளிவிட்டு வால்வைத் திருப்ப, யாராவது ஒருவர் நனைந்துகொண்டே மாடிப்படி ஏறியாகவேண்டும். முறைவைத்திருக்கிறோம், இந்த ஐப்பசிக்கு என் முறை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்