கீழவயல் விஷயமாக

குமனோ, மியே மாகாணம், ஜப்பான்
மார்ச் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவன் பங்குனி பிறந்தும் எழுதவில்லை. கோபம் இருக்கும், தெரியும். போனில் பேசினால் உங்களுக்குப் பாதி கேட்பதில்லை, மீதியை அம்மா தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறாள். அதனால் இதைப் பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சௌக்கியம். குளிர் பழகிவிட்டது. அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு எண்ணெய் 18 லிட்டர் கேனாக விற்கிறார்கள். நான் வாங்குவதில்லை, தேவைப்படவில்லை. இந்தப் பக்கம் மழைதான் அதிகம். பக்கத்து ஊர் ஒவாசேயில் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. மழை நாளில் மரம் வெட்ட மலை ஏற மாட்டோம் என்பதால் எனக்கு நல்ல ஓய்வு. சாப்பாட்டுக்கும் குறையில்லை. இங்கே மெஹாரி என்று ஒன்று உண்டு: உப்பில் ஊறவைத்த கடுகுக் கீரையின் பெரிய இலையில் சோற்றை உருட்டி மடித்திருப்பார்கள். மலைக்குக் கட்டுச்சோறாகக் கொண்டுபோகத் தோதானது. பக்கத்து வீட்டு ஆச்சி வாரத்துக்கு ஒரு தடவை நாலு உருண்டை வைத்துவிட்டுப் போகும். வாசல் மணியை அடிக்காது, திண்ணையில் வைத்துவிட்டு ஒரு தடவை இருமும், அவ்வளவுதான். நான் கதவைத் திறப்பதற்குள் தன் வீட்டுக்குள் போயிருக்கும்.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கீழவயலுக்கு ஆள் கிடைக்கவில்லை, சித்தப்பா சொல்கிறமாதிரி தேக்கை வைத்து வேலி போட்டுவிட்டால் இருபது வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாமே, ஜப்பான்காரன் என்ன செய்கிறான் என்று பார்த்து எழுது என்றிருக்கிறீர்கள். அப்பா, நான் தினமும் வெட்டுவதே அப்படித் திரும்பிப் பார்க்காமல் விட்ட மரத்தைத்தான்.

என் அறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மருயாமா என்று ஒரு மலைச்சரிவு. முழுக்க அடுக்கு வயல். இந்த ஊர் ஆட்கள் அதை 'சென்மாய்தா' என்பார்கள், ஆயிரம் வயல் என்று அர்த்தம். உண்மையான கணக்கு 1,340. அத்தனையும் சேர்த்து ஏழு ஹெக்டேர் போல, நம் கணக்கில் பதினேழு ஏக்கர் வரும். உச்சி வயலுக்கும் அடி வயலுக்கும் 160 மீட்டர் உயர வித்தியாசம். ஆகச் சின்ன வயலில் மூன்று குத்து நாற்று நட்டால் இடம் முடிந்தது. 1601ல் நிலம் அளந்தபோது 2,240 வயல் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் 530 ஆகக் குறைந்துபோனது. எப்படிக் குறைந்தது என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

சுவர் எல்லாம் கல், சிமெண்டு கிடையாது. கல்லின் நீளவாட்டம் உள்ளே போக வேண்டும், முகம் மட்டும் வெளியே தெரியணும். அகலமான பக்கத்தை வெளியே காட்டி வைத்தால் பார்க்க ஜோராக இருக்கும், ரெண்டு அடைமழையில் வயிறு தள்ளிவிடும். ஒவ்வொரு கல்லும் கீழே இருக்கிற இரண்டு கல்லின் மேல் உட்காரணும், நேர்க்கோட்டில் இடுக்கு விழக்கூடாது. முகக் கல்லுக்குப் பின்னால் ஒரு முழத்துக்குக் கைப்பிடி அளவு கல்தான் கொட்ட வேண்டும், மண்ணைத் தள்ளி மூடக்கூடாது. வயலிலிருந்து கசிகிற தண்ணீர் அந்தச் சல்லி வழியாக இறங்கி, சுவரின் இடுக்குகளில் வெளியே போகும். பலமாக இருக்கட்டும் என்று யாராவது மேலே சிமெண்டு பூசினால் தண்ணீருக்குப் போக வழி இருக்காது, பின்னால் தேங்கிச் சுவரையே சாய்த்துவிடும். வயிறு தள்ளிய இடத்தை மட்டும் பிடுங்கிச் செருகவும் முடியாது. மேலேயிருந்து 'வி' மாதிரி அகலமாகப் பிரித்து இறக்கி, அதே கல்லை அடியிலிருந்து திரும்ப அடுக்க வேண்டும்.

வயலின் அடியில் மிதித்து இறுக்கிய களிமண் படுகை. அதன்மேல்தான் தொளி. வசந்தத்தில் வரப்பின் உள்பக்கத்தைச் சீவி, குழைத்த சேற்றை மண்வெட்டியால் அப்பி வழவழவென்று இழுப்பார்கள், நாம் அண்டை வைக்கிறமாதிரியே. பெருச்சாளி ஓட்டை போடுகிறமாதிரி இங்கே துன்னெலி. மலைத் தண்ணீர் ஜில்லென்று வருவதால் நேராக வயலுக்குள் விட மாட்டார்கள். வளைத்து வளைத்துச் சின்ன வாய்க்காலில் ஓடவிட்டு, வெயிலில் சூடேற்றி அப்புறம் மடையைத் திறப்பார்கள். இல்லாவிட்டால் வாய்மடைப் பக்கத்துப் பயிர் மட்டும் பச்சையாகவே நின்று கதிர் முற்றாது. மே மாதம் நடவு, செப்டம்பரில் அறுப்பு. நடுவில் வரப்புப் புல்லை நாலைந்து தடவை அறுக்க வேண்டும். மொத்த வேலையில் பெரிய பாரம் அந்தப் புல்தான்.

1970ல் அரிசி மிஞ்சிப் போய்விட்டது என்று அரசாங்கமே நெல்லைக் குறைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது. ஆட்கள் வயலில் சுகி மரம் வைத்தார்கள், பலகைக்கு ஆகிற ஊசியிலை மரம் அது. பக்கத்தில் தாமிரச் சுரங்கம் ஒன்று இருந்தது, அதுவும் 1978ல் மூடியது. இளவட்டம் ஊரை விட்டுப் போனது. ஆச்சியின் வீட்டுக்காரரும் நாலு அடுக்கில் சுகி வைத்தாராம். 'பேரப்பிள்ளை கல்யாணத்துக்கு ஆகும்' என்றாராம். பேரன் நகோயாவில் இருக்கிறான், கல்யாணம் ஆகவில்லை. மரம் மட்டும் வயதுக்கு வந்துவிட்டது.

இந்த மருயாமாவில் நடந்தது நாடு முழுக்க நடந்ததன் ஒரு துண்டு. யுத்தத்துக்கு அப்புறம் வீடு கட்டப் பலகை இல்லை. மலையில் இருந்த கருவாலி (ஓக்) ஜாதி மரம், விறகுக்காடு எல்லாவற்றையும் வெட்டி, 1950, 60களில் சுகியும், ஹினோகி என்கிற இன்னொரு ஊசியிலை மரமுமாக நட்டார்கள். விறகும் கரியும் போய் எரிவாயு வந்த சமயம் அது. பழைய காட்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று தோன்றியிருக்கும். இன்றைக்கு நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு காடு, அந்தக் காட்டில் பத்துக்கு நாலு பங்கு கையால் நட்டது. டூரிஸ்ட் ஆட்கள் நிமிர்ந்து பார்த்து, ஆதிகாலத்துக் காடு என்று மூச்சை இழுத்துவிடுகிறார்கள். அதற்குச் சித்தப்பா வயசுதான் இருக்கும்.

மரமும் ஒரு பயிர்தான், அப்பா. ஹெக்டேருக்கு 3,000 கன்று வைப்பார்கள், ஏக்கருக்கு 1,200. முதல் ஐந்தாறு வருஷம் ஒவ்வொரு கோடையிலும் புல் அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொடியும் புல்லும் கன்றை மூடிவிடும். அடிக் கிளையைக் கழிக்க வேண்டும். பதினைந்து இருபது வருஷத்தில் கோணல் மரம், நோஞ்சான் மரம் எல்லாவற்றையும் வெட்டி இடம் விட வேண்டும். அதற்கப்புறமும் சில தடவை. நாற்பது ஐம்பது வருஷத்தில் அறுவடை. 1964ல் வெளிநாட்டு மரத்துக்குக் கதவு முழுசாகத் திறந்தது. நிற்கிற சுகிக்கு 1980ல் கன மீட்டருக்கு 22,000 யென்னுக்கு மேல் கிடைத்தது, 2020ல் 3,000 கூட இல்லை. இடைவெட்டுக்குக் கொடுக்கிற கூலி மரத்தின் விலையைத் தாண்டினால் யார் வெட்டுவார்கள்? விட்டுவிட்டார்கள். உள்ளே போனால் மத்தியானத்திலும் மாலை மாதிரி. கீழே ஒரு புல் கிடையாது. மழை மண்ணை நேராகக் கரைத்துக்கொண்டு போகிறது, வேர் வெளியே நிற்கிறது. மரம் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி நெட்டையாக, மண்டையில் மட்டும் பச்சை. ஒரு புயலுக்குச் சரிவோடு படுத்துவிடும். அடுக்கு வயலில் வைத்த இடத்தில் இன்னும் மோசம்: வேர் கல்லைத் தள்ளும், தண்ணீர் நிற்காத களிமண் படுகை வெடிக்கும், வெடிப்பு வழியாக மழை சுவருக்குப் பின்னால் போகும். விழுவது விட்டுப்போனவர் சுவர், மூடுவது கீழ்க்காரர் வயலை.

அதோடு இந்த மாதம் மகரந்தம். சுகிப் பூத்தூள் மஞ்சள் புகை மாதிரி மலையிலிருந்து எழும்பும். 2019ல் எடுத்த கணக்கில் நாட்டில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் பூத்தூள் ஒவ்வாமை. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, ஊரே முகமூடி போட்டிருக்கும். அவர்கள் அப்பா தாத்தா நட்டது.

வெட்டுகிற முறையையும் கேட்டிருந்தீர்கள். அடித்தண்டு 40 சென்டிமீட்டர் என்றால், விழ வேண்டிய பக்கம் குறைந்தது 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வாய் எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் அந்த வாயின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டத்தில் அறுத்து வர வேண்டும். நடுவில் 4 சென்டிமீட்டர் அறுக்காமல் விட வேண்டும், அதுதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திசை மாறாமல் இறக்கும். நெருக்கமான காட்டில் மரம் தரைக்கு வராது, பக்கத்து மரத்தின் தலையில் சாய்ந்து தொங்கும். அதன் அடியில் போகக்கூடாது, தாங்குகிற மரத்தை அறுக்கவே கூடாது. கயிறு கட்டிச் சுழற்றி இழுப்போம். இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம்.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 1993லிருந்து மருயாமா ஆட்களே மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்கி, சுவர் அடுக்கி, படுகையை மிதித்து 810 வயலைத் திரும்ப எடுத்தார்கள். 1994ல் அதைக் காக்க ஊராட்சி ஒரு சட்டமே போட்டது. பட்டணத்து ஆட்கள் வருஷச் சந்தா கட்டி ஒரு துண்டு வயலுக்குச் 'சொந்தக்காரர்' ஆகலாம். நடவுக்கும் அறுப்புக்கும் வருவார்கள், விளைந்த அரிசி வீட்டுக்குப் போகும். நடுவில் தண்ணீர் பார்ப்பது, புல் அறுப்பது, பன்றிக்குக் கம்பி கட்டுவது எல்லாம் ஊர்க் கிழடுகள். அந்த மின்கம்பியைத் தரையிலிருந்து 20, 40 சென்டிமீட்டரில் இரண்டு வரியாகக் கட்ட வேண்டும். பன்றி மூக்கு படுகிற உயரம் அது. ஒரு புல் வளர்ந்து தொட்டால் போதும், மின்சாரம் தரையில் இறங்கிவிடும், அன்றைக்கு ராத்திரியே பன்றி மண்புழுவுக்காக வரப்பைக் கிண்டிப்போட்டிருக்கும்.

முன்னெல்லாம் காட்சி என்றால் கடல் நடுவில் பைன் மரத் தீவு, நந்தவனம், அருவி. 1999ல்தான் நகானோவில் ஒபாசுதே அடுக்கு வயலை அரசாங்கம் பேர்போன காட்சி இடமாக அறிவித்தது. அதுவும் வயலுக்கு வயல் நிலா தெரியும் என்று கவிஞர்கள் பாடிவைத்த பெருமையில். 2004ல் சட்டத்தைத் திருத்தி, ஆட்கள் பிழைக்கிற நிலத்தையே பண்பாட்டுச் சொத்தாகக் காக்கலாம் என்றார்கள். அதே வருஷம் இங்கத்திய பழைய யாத்திரைப் பாதைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. அந்தப் பாதைக் கணவாய் ஒன்றின் மேல் நின்றால் மருயாமா முழுசாகத் தெரியும். மே மாதம் தண்ணீர் கட்டிய வயலைப் படமெடுக்க விடியலிலேயே வந்து நிற்பார்கள். இன்னொரு கணவாயில் காட்டுச் சொந்தக்காரர்கள் சிலர், எங்கள் மரத்தை எங்களைக் கேட்காமல் பாரம்பரியம் ஆக்காதே என்று மரத்தண்டிலேயே பெயிண்டால் எழுதிவைத்தார்கள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் படமெடுக்கிறவர்கள் ஒரு தடவையாவது புல் அறுக்கலாம் என்பது என் எண்ணம்.

நேற்று சாயங்காலம் ஆச்சி மேல் வயலுக்கு முதல் தண்ணீர் விட்டது. காய்ந்த மண்ணில் தண்ணீர் ஏறுகிறபோது ஒரு வாசனை வருமே. அதேதான், கொஞ்சமும் மாற்றமில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் மடையைத் திறந்துவிட்டு, தண்ணீர் கடைசி மூலைக்குப் போகிற வரைக்கும் துண்டை உதறிக்கொண்டு நிற்பீர்களே. இருட்டின பிறகுதான் அறைக்குப் போனேன்.

கீழவயலுக்கு வருகிறேன். தேக்குக்குத் தண்ணீர் தேங்குகிற மண் ஆகாது. கீழவயல் களி, வாய்க்கால் ஓரம் வேறு. மூன்றாம் வருஷமே கன்று மஞ்சளாகி நிற்கும். வைக்கத்தான் வேண்டும் என்றால் மேட்டுத்துண்டில் வையுங்கள், அதையும் வெட்டிக் கலைக்க ஆள் வேண்டும் என்று சித்தப்பாவிடம் சொல்லுங்கள். கீழவயலை இந்த வருஷம் வாரத்துக்கு விடுங்கள். பெரியத்தை மகன் கேட்டானே, அவனுக்கே கொடுங்கள், பங்கு குறைந்தாலும் பரவாயில்லை. ஒரு போகம் நெல், அப்புறம் உளுந்து விதைத்தால் போதும். நிலம் காய்ந்து வெடிக்காமல் இருக்கணும். வாய்மடைக் கல்லை யாரும் பெயர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன தடவை அண்ணன் அனுப்பிய படத்தில் அது தெரியவில்லை.

இந்த மாதம் பணம் பாதிதான் வந்திருக்கும். யென் இறங்கிக் கிடக்கிறது, ஏறினதும் சேர்த்து அனுப்பலாம் என்று வைத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை. அம்மாவின் வளையலுக்கு வட்டி மட்டும் கட்டிவையுங்கள், ஆடிக்குள் திருப்பிவிடலாம். மதினிக்குப் பிரசவத் தேதி சொன்னார்களா? உங்கள் காதை ஒரு தடவை தென்காசியில் காட்டிவிடுங்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். பதில் எழுதும்போது அந்த மடைக்கல் இருக்கிறதா என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
சின்னவன்