பேக்கப் இருந்தது, சர்வர் எழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு புதுக் கணினிக்கு மாறிவிடுங்கள் என்கிறார் கட்டுரையாளர். வீட்டுக் கணினிக்கு அது போதும். ஆலைகளின் கன்ட்ரோல் ரூமிலும் இதே விண்டோஸ்தான் ஓடுகிறது என்பதை அவர் மறந்துவிட்டார். அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில், இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். பட்டதைச் சொல்கிறேன்.

கில்ன் என்றால் கல்லைச் சுடும் சுழல் சூளை. அதைக் கண்காணிக்கும் எங்கள் சர்வர் 2004-இல் வாங்கியது. அதில் இருந்தது விண்டோஸ் சர்வர் 2003. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2015 ஜூலையில் நிறுத்தியதும், அந்த வருட மழைக்கால ஷட்டவுனில் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் நாட்களில்) புது சர்வருக்கு மாறிவிடுவது என்று முடிவானது. ஷட்டவுன் இல்லாமல் இந்த வேலையில் கை வைக்க முடியாது. கில்னுக்குள் 1450 டிகிரி சூட்டில் கல் வேகிறது. ஓட்டத்தில் நின்றுபோனால் துணை மோட்டாரைப் போட்டு மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு உருளையே வளைந்துவிடும்.

பேக்கப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. தினமும் ராத்திரி 2 மணிக்கு ஒரு மென்பொருள் சர்வரை இமேஜாக, அதாவது விண்டோஸோடு சேர்த்து அப்படியே நகலாக எடுத்து வெளி டிஸ்க்கில் போட்டுவிடும். காலையில் பச்சை டிக் தெரியும். அதைப் பார்த்து ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன், நாலு வருடம்.

அந்த இமேஜைப் புது சர்வரில் ஏற்றினோம். நீலத் திரை வந்தது. இமேஜில் இருந்தது பழைய டிஸ்க் கன்ட்ரோலரை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள். புதுக் கன்ட்ரோலரை விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை. சென்னையிலிருந்து வந்திருந்த சர்வீஸ் இன்ஜினியர், பாவம், சின்னப் பையன், ஒரு பகல் முழுக்க மல்லுக்கட்டி டிரைவரை உள்ளே சேர்த்தார். சர்வர் எழுந்தது. டீ சொல்லி அனுப்பினோம். 2 மணி நேரம் கழித்து ஸ்காடா, அதாவது ஆலையைத் திரையில் பார்த்து இயக்கும் மென்பொருள், தானாக நின்றுவிட்டது.

லைசென்ஸ் ஒரு டாங்கிளில் இருந்தது. பழைய பிரிண்டர்களை மாட்டுகிற பேரலல் போர்ட்டில் செருகுகிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னதான பெட்டி. புது சர்வரில் பேரலல் போர்ட்டே கிடையாது. டாங்கிள் இல்லையென்றால் அந்த மென்பொருள் டெமோ கணக்கில் 2 மணி நேரம்தான் ஓடும். இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆபரேட்டர் கேட்டார், "சார், பழைய டிரெண்டு கிராஃப் எதுவுமே வரலையே?" பார்த்தால் D டிரைவ் காலி. பச்சை டிக் இத்தனை நாளும் C டிரைவுக்கு மட்டும். வருடக்கணக்கான பதிவுகள், ரெசிபி, அலாரம் அளவுகள் எல்லாம் D-யில் இருந்தன. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. C-யை எடு என்று யாரோ சொல்லி வைத்தார்கள், அதுவும் எடுத்தது.

பழைய சர்வரையே திரும்ப மாட்டுங்கள் என்றார் மேனேஜர். 11 வருடம் ராப்பகலாகச் சுற்றிய டிஸ்க், இரண்டு நாள் அணைத்து வைத்ததில் மறுபடி சுற்றவே இல்லை.

எங்களைக் கரையேற்றியவர் ஒரு மெக்கானிக். 2013 ஷட்டவுனில், யாரும் சொல்லாமலே, குளோன்ஜில்லா என்கிற, டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருளின் சிடியைப் போட்டு சர்வரின் மொத்த டிஸ்க்கையும் அதே மாடல் ஸ்பேர் டிஸ்க்கில் நகலெடுத்துத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அதைப் பழைய பெட்டியில் பொருத்தியதும் எழுந்துவிட்டது. அதற்குப் பிறகான இரண்டு வருட மாற்றங்களை ஆபரேட்டர்களின் லாக் புக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கையால் தட்டினோம். கில்னுக்குத் தீ வைக்க மூன்று நாள் தாமதம். புது சர்வர் அடுத்த ஷட்டவுன் வரை அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோதும் ஏறக்குறைய இதே கதைதான். மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையம்கூட முடங்கியது. யார் உள்ளே நுழையலாம் என்று சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகம் முழுக்க அழிந்துவிட, கானாவில் ஒன்றே ஒன்று தப்பியது. வைரஸ் பரவிய நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை! அவ்வளவு பெரிய கம்பெனிக்கு மின்வெட்டு, எங்களுக்கு ஒரு மெக்கானிக்கின் அலமாரி.

இப்போது ஆலைகளில் மறுபடி ஒரு மாற்று வேலை நடக்கிறது. டெண்டரில் 'பேக்கப் மென்பொருள், எண்ணிக்கை 1' என்று போட்டுவிட்டுப் பர்ச்சேஸ்காரர்கள் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். எடுத்த இமேஜை வேறொரு கணினியில் ஏற்றி, லைசென்ஸோடு ஒரு நாள் முழுக்க ஓட்டிக் காட்டினால்தான் பில் பாஸாகும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். அதற்கு ஷட்டவுனில் ஒரு நாளையும் ஒரு ஸ்பேர் கணினியையும் நிர்வாகம் ஒதுக்க வேண்டும். கேட்டால் உற்பத்திக் கணக்கைக் காட்டுவார்கள், எனக்குத் தெரியும். பேக்கப் மென்பொருள்களின் புதுப் பதிப்புகள் பல, எக்ஸ்பி, 2003 போன்ற பழைய விண்டோஸில் ஏறவே ஏறாது. சிடி, பென் டிரைவ் என்று வெளியிலிருந்து கணினியைத் தொடங்கித்தான் நகலெடுக்க வேண்டியிருக்கும். அதையும் வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டுரையாளர் இரண்டாம் பகுதி எழுதுவதாக இருந்தால், ஆலைக் கணினிகளுக்கும் நாலு வரி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இன்ஸ்ட்ருமென்ட் ஃபோர்மேன்,
அரியலூர்.