பட்டர்வொர்த்திலிருந்து கலாவுக்கு

அன்புள்ள கலா,

நலம்தானே? தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? செந்தூல் வீட்டுக்குப் பள்ளி விடுமுறையில் கட்டாயம் வருகிறேன்.

எழுத வந்த விஷயம் வேறு. பயிற்சி முடித்து நேராக எங்கள் பள்ளிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், ஐந்தாம் ஆண்டு வகுப்பு. தலைமையாசிரியர் அவளை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “புது டீச்சருக்குப் பிள்ளைகளை அடக்கத் தெரியவில்லை” என்று போட, வரிசையாக நாலைந்து பேர் அதற்குக் கட்டைவிரல் வைத்திருக்கிறார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அப்போது ஒரு மூத்தவர் சொல்கிறார், “ரோத்தான் பிரம்பைக் காட்டும்மா, மரியாதை தானா வரும்.”

எனக்கு வந்ததே கோபம்! தலைமையாசிரியரின் அனுமதியில்லாமல் வகுப்பாசிரியர் பிரம்பைத் தொடக்கூடாது, பெண்பிள்ளைகளை அடிக்கவே கூடாது என்ற விதி அவருக்குத் தெரியாததா? நம் சிங்கம் சாரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோமே, பிரம்புக்காகவா? காலரெல்லாம் சாக்குத்தூளோடு சாயங்காலம் உட்கார்ந்து, காசு வாங்காமல் பின்னம் சொல்லித் தந்தாரே, அதற்குத்தானே. நீ தூணுக்குப் பின்னால் ஒளிந்தது தனிக்கதை.

இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? கட்டுரைப் புத்தகங்களைத் திங்கட்கிழமை திருப்பித் தருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னாள், திங்கட்கிழமை காலையில் தந்தாள், ஒவ்வொரு வாரமும். வெறும் சரி, தப்பு இல்லை. கடைசி வரிசைப் பையன் ஒருவனுக்கு, ‘ஆத்துல’ என்பதை ‘ஆற்றில்’ என்று திருத்திவிட்டு, “தாத்தா தூண்டில் போடும் இடம் கண்முன் தெரிகிறது, இன்னும் நாலு வரி எழுது” என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். அவன் அதை விரல் வைத்துப் படித்தான், பக்கத்துப் பையனையும் படிக்கச் சொன்னான். இப்போது அவள் வருவதற்கு முன் பலகையைத் துடைத்து வைப்பவன் அவன்தான்.

பெற்றோர்தான் எனக்குக் கவலை. 1988 முதல் யுபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு இருந்தவரை எத்தனை ஏ என்று எண்ணி ஆசிரியரை எடைபோட்டார்கள். 2021-இல் அது போன பிறகு, பிபிடி என்ற வகுப்பறை மதிப்பீட்டில் மூன்றாம் நிலை, நாலாம் நிலை என்று கையில் கொடுத்தால் விழிக்கிறார்கள். பாவம், யார் உட்கார்ந்து விளக்குகிறோம்? அவள் விளக்கினாள். சண்டைக்கு வந்த அப்பா ஒருவரிடம் ஜனவரியில் மகள் எழுதியதையும் இப்போது எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது, எது இன்னும் வரவில்லை என்று வரிவரியாகக் காட்டினாள். குரல் உயரவில்லை. கிளம்பும்போது அவர், “வீட்டில் என்ன வாசிக்கச் சொல்லலாம் டீச்சர்?” என்றார்.

ஆனால் ஒன்று கலா, இப்படி உழைக்கிற பெண்ணை ராத்திரியில் தூங்கவிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு ஆசிரியரைக் குழுவில் கேள்வி கேட்கக்கூடாது, குறை இருந்தால் பள்ளிக்கு வந்து நேரில் பேச வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன். உங்கள் பள்ளியில் இதற்கு என்ன ஏற்பாடு? கூட்டத்துக்கு முன் விவரமாக எழுது.

அன்புடன்,
சரசு